ஹவ்வா வீட்டில் சாப்பிட்ட கோழி

போன கிழமை தீபா என்னைக் கூப்பிட்டாள். இங்கே இன்னொரு நகரத்தில், ஹோம்புஷ் என்ற இடத்தில் ஒரு பிளாட்டில் இருந்துகொண்டு, நான் விட்டுவிட்டு வந்த வேலையைத்தான் அவள் இப்போது செய்கிறாள். தூர தேசத்தில் வீடு வீடாகப் போய் நிரப்பிய கேள்விப்படிவங்கள் கணினிக்கு வந்து சேரும். அவற்றில் பிழை இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்து கொடுக்க வேண்டும். மதுரைப் பிள்ளை. கெட்டிக்காரி, ஆனால் அவசரக்காரி.

"ஆன்ட்டி, ஒரு வீடு மாட்டியிருக்கு. புல்லுக் கூரை, மண் தரை. தண்ணி எடுக்க அரை மணி நேரம் நடக்கிறாங்க. ஆனா போன வாரம் அரிசிச் சோறு, கறி எல்லாம் சாப்பிட்டதா இருக்கு. ஏதோ தப்பாப் பதிஞ்சிட்டாங்க போல. மத்த வீடுகளோட ஒட்டாத அவுட்லையர்னு தூக்கிடவா?"

"தூக்காதை" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

"ஏன் ஆன்ட்டி?"

பிறகு எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதுதான் இது. தீபாவுக்கு மட்டுமில்லை, வறுமையை அளக்கும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்கள் எல்லாருக்கும்தான். மென்பொருளைப் பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் விட்ட ஒரு பிழையைப் பற்றி எழுதப்போகிறேன். அது உங்களில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அன்று கூட வேலை செய்தவர்களுக்கு வெளியே நான் யாருக்கும் சொன்னதில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். மெல்பேர்னில் புள்ளிவிபரம் படித்து, இங்கேயே வேலை செய்து, நகரத்தின் ஓரத்தில் ரோவிலில் வீடு வாங்கி, தலை நரைத்தவள். வேலையின் கடைசி வருடங்கள் முழுக்க நைஜீரியாதான். ஆபிரிக்காவிலேயே ஆகக் கூடுதலான சனம் வாழ்கிற நாடு. தெற்கே கடற்கரையில் கண்ணாடிக் கட்டிடங்களும் வெளிநாட்டுக் கார்களும். வடக்கே போகப் போக மழை குறையும், பள்ளிக்கூடம் குறையும், கூரையில் தகரம் குறைந்து புல் கூடும். ஒரே நாட்டுக்குள் இத்தனை தூரமா என்று முதல் தடவை போனபோது வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

எனக்கு அந்த நாட்டைக் காட்டித் தந்தவள் என்னைவிட இருபது வயது இளையவள். இன்னும் அதே வேலையில் இருக்கிறாள், அதனால் பெயர் சொல்ல மாட்டேன். வீடுகளுக்குப் போய்க் கேள்வி கேட்கும் பெண்களுக்கு அவள் மேற்பார்வையாளர். என்னை முதல் நாளே அன்ரி என்றாள். அங்கேயும் வயதில் மூத்த பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். ரோவிலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கூப்பிடுகிற அதே சொல். அவள் பேசியது இங்கிலீஷ். ஆனால் இப்போது நினைக்கும்போது என் காதில் எல்லாம் எங்கள் தமிழிலேயே கேட்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்.

அவளோடு முதலில் வேலை செய்தது லாகோஸ் நகரத்தில். மதில் சூழ்ந்த பணக்காரக் குடியிருப்பு ஒன்றில் எங்கள் பட்டியலில் விழுந்த வீடு ஒன்று இருந்தது. வாசலில் காவற்காரர். மேடம் வெளியூர் போய்விட்டா என்றார். மூன்று நாள் போனோம், மூன்று நாளும் அதே பதில். மூன்றாம் நாள் திரும்பி நடக்கும்போது மேற்பார்வையாளர் சொன்னாள்:

"வெளியூர் ஒண்டுமில்லை அன்ரி. மேல்மாடியிலை திரைச்சீலை அசைஞ்சதைப் பாத்தனீங்களே?"

பார்த்தேன்தான். ஆனால் மூன்று தரம் போயும் ஆள் இல்லையென்றால் வேறு வீடு எடுக்கலாம் என்று விதி இருக்கிறது. நாங்கள் இரண்டு தெரு தள்ளி ஓர் ஆசிரியரின் வீட்டுக்குப் போனோம். அவர் கதவைத் திறந்து, கதிரை போட்டு, எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். கணக்கில் அந்தக் குடியிருப்பு ஓர் ஆசிரியரின் குடியிருப்பாகப் பதிந்தது.

"கதவு இருக்கிறவைக்கு மறைஞ்சு நிக்கலாம். கதவு இல்லாதவையிட்டைத்தான் நாங்கள் என்ன சாப்பிட்டனீங்கள் எண்டு கேக்கிறம்" என்றாள்.

நல்ல வசனம் என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். எழுதி வைத்ததோடு சரி. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அடுத்த வருடம் வடக்கே ஒரு மாநிலத்தில் ஆக வறிய குடும்பங்களுக்கு மாதாமாதம் உதவி கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். யாருக்குக் கொடுப்பது என்று பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு மெல்பேர்னில் நான் வேலை செய்த நிறுவனத்துக்கு வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் போய்க் கூரை என்ன, தண்ணீர் எங்கே, கடந்த ஏழு நாளில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் புள்ளி, வசதி கூடினால் புள்ளி கூடும். ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே விழுகிற வீடு பட்டியலில் சேரும். மேலே நின்றால் சேராது. கோழி, அரிசி இரண்டும் பெரிய புள்ளி. வறியவர்கள் அங்கே அவற்றை லேசில் சாப்பிடுவதில்லை. இதில் ஒரு வேடிக்கை இருந்தது. முற்றத்தில் உயிரோடு நிற்கிற கோழிக்குப் புள்ளி குறைவு, சட்டிக்குள் போன கோழிக்குப் புள்ளி கூட.

கேள்விப்படிவம் நீண்டுகொண்டே போனது. ஒரு வீட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. சுருக்கு என்று மேலிடம் நெருக்கியது. நான் நகரத்து அலுவலகத்தில், பதினாலாம் மாடியில், யாரா ஆற்றைப் பார்த்துக்கொண்டு சிவப்புப் பேனையால் கேள்விகளை வெட்டினேன். வெட்டியவற்றில் ஒன்று: 'கடந்த ஏழு நாளில் இந்த வீட்டில் சாப்பிட்ட விருந்தாளிகள் எத்தனை பேர்?'

அன்று சூம் கூட்டத்தில் மேற்பார்வையாளர் கையை உயர்த்தினாள்.

"அன்ரி, விருந்தாளிக் கேள்வியை மட்டும் எடுக்காதேங்கோ."

"ஒரு கிழமைக்குள்ளை எத்தினை பேர் வந்து சாப்பிடப் போகினம்? கணக்கை மாத்திற அளவுக்கு வருவினமே?" என்று கேட்டேன்.

அவள் பேசாமல் இருந்தாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்தக் கேள்வியைக் கேட்டது யார் என்று யோசித்துப் பாருங்கள். நான் பிறந்த வீட்டில், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்த ஆளே கிடையாது. வந்தவர் பசியோடு போனதும் கிடையாது. ஆனால் அப்போது நான் ரோவிலில் முப்பது வருடம் இருந்துவிட்டேன். இதே நகரத்தின் மற்றப் பக்கம் வெரிபீயில் இருக்கும் என் சொந்தத் தம்பி வீட்டுக்குப் போவதென்றால்கூட மூன்று கிழமைக்கு முன்னரே வட்சப்பில் திகதி வைக்க வேண்டும். என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்க வேண்டும். புறப்படும்போது மிச்சத்தைப் பெட்டியில் போட்டுத் தருவார்கள். சொல்லாமல் ஆட்கள் வருவார்கள், வந்தால் உலை வைப்பார்கள் என்கிற விஷயமே என் தலையிலிருந்து போய்விட்டது. படித்த படிப்பில் பிழையில்லை. வாழ்ந்த வாழ்க்கை மறந்துபோனதுதான் பிழை.

படிவம் சுருங்கியது. மேலிடம் பாராட்டியது. முதல் கட்டத்தைப் பார்க்க நானும் போனேன்.

ஜீப் போகக்கூடிய பாதை முடிகிற இடத்தில் ஹவ்வாவின் வீடு இருந்தது. புருஷன் இறந்து இரண்டு வருடம். மூன்று பிள்ளைகள். கடலைக் காணியில் கூலி வேலை. வீட்டு முன்னால் ஒரு பெரிய வேப்பமரம். முதல் நாள் நாங்கள் வீடுகளுக்கு இலக்கம் போட்டுக்கொண்டு போனபோது மத்தியான வெயில் உச்சியைப் பிளந்தது. நான் அவள் கதவில் சோக்கட்டியால் இலக்கத்தை எழுதிவிட்டுத் திரும்பினேன், தலை சுற்றியது. அவள் என் கையைப் பிடித்து வேம்புக்குக் கீழே பாயில் இருத்தினாள். பாஷை தெரியாது. செம்பில் தண்ணீர் தந்தாள். பிறகு உள்ளே போய் அடுப்பை மூட்டினாள்.

கம்பு மாவைக் களி போலக் கிண்டுவார்கள், தூவோ என்று பெயர். அதற்கு ஒரு பச்சைக் குழம்பு. மன்னாரில் நிற்கிறதே அடி பெருத்த பெருக்கமரம், அதன் இலையைக் காயவைத்து இடித்த பொடியில் செய்வது. வழவழவென்று இருக்கும். முதல் வாய் வைத்தபோது எனக்கு என்னவென்று தெரியவில்லை. மூன்றாம் வாயில் தட்டை வழித்துக்கொண்டிருந்தேன். ஹவ்வா சிரித்தாள். மேற்பார்வையாளரிடம் ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?"

"இந்த அன்ரிக்கு வீட்டிலை ஆர் சமைச்சுக் குடுக்கிறவை எண்டு கேக்கிறா."

"ஒருத்தருமில்லை, நான்தான் எண்டு சொல்லும்."

அதைக் கேட்டதும் ஹவ்வா நாக்கைத் தட்டி 'ச்ச' என்றாள். இன்னும் ஓர் அகப்பை போட்டாள்.

இரண்டாம் நாளும் அங்கேதான் மத்தியானம். நான், மேற்பார்வையாளர், கேள்வி கேட்கும் இரண்டு பெண்கள் என்று எங்கள் நால்வருக்கும் அந்த வேம்புதான் அலுவலகம் ஆகிவிட்டது. நாங்கள் கொண்டுபோன பிஸ்கட் பைகளை வெளியே எடுக்க வெட்கமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லி மூன்றாம் தரம் வாங்குவோமே, அந்தப் பழக்கத்தில். முதல் வேண்டாமுக்கே ஹவ்வாவின் முகம் செத்துப்போயிற்று. உடனே தட்டை வாங்கிவிட்டேன்.

அவளிடம் இரண்டு பேட்டுக் கோழிகள் இருந்தன, முட்டைக்கு வளர்க்கிற பெட்டைகள். மூன்றாம் நாள் ஒன்றுதான் முற்றத்தில் மேய்ந்தது. மத்தியானம் அரிசிச் சோறும் கோழிக் குழம்பும் வந்தன. அரிசி பக்கத்து வீட்டிலிருந்து வாங்கியது என்று பிறகு தெரிந்தது. கோழியின் காலை எனக்கு வைத்தாள். அவளுடைய பிள்ளைகள் நாங்கள் சாப்பிட்டு முடியும்வரை தள்ளி நின்றார்கள். நான் சாப்பிட்டேன். இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். அவ்வளவு ருசி. அதை மறைத்து எழுதி என்ன பயன்.

நாலாம் நாள் கேள்வி கேட்கும் நாள். ஹவ்வாவின் வீட்டுக் கேள்விகளை மேற்பார்வையாளரே கேட்டாள். கையில் டேப்லெட். நான் பக்கத்தில். கூரை, தரை, தண்ணீர் எல்லாம் ஓடியது. பிறகு உணவு.

"கடந்த ஏழு நாளிலை இந்த வீட்டிலை அரிசி சாப்பிட்டதோ?"

"ஓம்" என்றாள் ஹவ்வா.

"கோழி?"

"ஓம்." குரலில் ஒரு பெருமை.

மேற்பார்வையாளரின் விரல் டேப்லெட்டுக்கு மேல் அப்படியே நின்றது. படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியை மெதுவாகக் கேட்டாள். அது வந்த ஆட்களுக்குச் சமைத்ததுதானே என்று. ஹவ்வா என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டி மறுத்து என்னவோ சொன்னாள்.

"வீட்டிலை சமைச்சது, வீட்டிலை இருந்தவை சாப்பிட்டவை. அவ்வளவுதானாம்." மேற்பார்வையாளர் என் பக்கம் திரும்பினாள். "என்ன எழுத அன்ரி?"

கேள்வி கேட்கும் இரண்டு பெண்களும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சிக் கிழமை முழுக்க அவர்களுக்கு நான் படிப்பித்தது ஒன்றே ஒன்றுதான்: வீட்டுக்காரர் வாயிலிருந்து வருவதை எழுது, உன் அபிப்பிராயத்தை எழுதாதே. பாவம் பார்த்து ஒரு வீட்டில் மாற்றினால், நாளைக்கு யாருக்கோ பயந்து ஒரு வீட்டில் மாற்றுவாய் என்று நான்தான் சொன்னேன்.

"சொன்னதை எழுதும்" என்றேன்.

எழுதினாள். எனக்கு அப்போதும் விளங்கவில்லை என்று நினைக்காதீர்கள். நன்றாக விளங்கியது. நான் வெட்டிய கேள்வி அந்த இடத்தில் இருந்திருந்தால் அது எல்லாவற்றையும் சரிசெய்திருக்கும். நாலு பேர் மூன்று நாள் சாப்பிட்டார்கள் என்று பதிந்திருக்கும், கோழி ஹவ்வாவின் கணக்கிலிருந்து இறங்கியிருக்கும். ஒரு கோழிதானே, கோட்டைத் தாண்டாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். ஹவ்வா பாதை திரும்புமட்டும் நின்று கையசைத்தாள்.

மெல்பேர்னுக்கு வந்து ஒரு மாதத்தில் புள்ளிகள் வந்தன. ஹவ்வா வீட்டு இலக்கத்தைத் தேடினேன். கோட்டுக்குச் சற்று மேலே நின்றது. கோழியையும் அரிசியையும் எடுத்துவிட்டுக் கணக்கிட்டேன். கோட்டுக்கு வெகு கீழே போனது. பட்டியலை மூட இரண்டு நாள் இருந்தது.

பின்னேரம் நாலு மணி. அலுவலகத்தில் எல்லாரும் அவரவர் வேலையில். கோழி என்ற கட்டத்தில் ஒன்று என்று இருந்தது. நான் அதை அழித்துப் பூச்சியம் போட்டேன். போட்டேன், ஆம். நியாயம் என் பக்கம்தானே இருந்தது. அரிசிக்கும் பூச்சியம் போட்டேன். சேமிக்கும் பொத்தானை அழுத்த முன்னர், சந்தோஷத்தில், நைஜீரியாவுக்குப் போன் எடுத்தேன். அங்கே காலை ஏழு மணி.

"ஹவ்வாவின்ரை வீட்டைத் திருத்திப்போட்டன்" என்றேன்.

அவள் உடனே பேசவில்லை. சூமில் பேசாமல் இருந்த மாதிரியே இருந்தாள். இந்தத் தடவை நான் அதைச் சம்மதம் என்று எடுக்கவில்லை.

"திருப்பிப் போடுங்கோ அன்ரி."

"ஏன்? உமக்குத் தெரியும்தானே, நாங்கள்தானே அதைச் சாப்பிட்டனாங்கள்?"

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். ஏனெண்டால் நாங்கள் அங்கை இருந்தனாங்கள். மற்ற வீடுகளிலை ஆர் சாப்பிட்டவை எண்டு ஆருக்குத் தெரியும்? உங்களுக்குப் பிடிச்ச ஆளுக்கு நீங்கள் ஒரு கோழியை அழிச்சால், இஞ்சை ஒரு பெரியவர் தன்ரை மச்சானுக்கு ஒரு மாட்டை அழிப்பார். அவரை நான் என்னெண்டு மறிக்கிறது?" மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "கேள்வியை எடுத்தது நீங்கள். கேள்வியைத் திருப்பித் தாங்கோ. எல்லா வீட்டுக்கும் தாங்கோ."

கோபம் வந்தது எனக்கு. அவள் மேல் இல்லை. அவள் சொன்னது சரி என்பதில் வந்த கோபம். இரண்டு கட்டத்திலும் திரும்பவும் ஒன்று போட்டேன். அடுத்த நாள் மேலதிகாரியிடம் போய், படிவத்தில் பிழை இருக்கிறது, அந்தப் பிழையை விட்டது நான், பட்டியலை நிறுத்துங்கள் என்றேன். அவர் முகம் போன போக்கைச் சொல்லத் தேவையில்லை. நிறையக் கத்தினார். கடைசியில், கோட்டுக்கு அண்மையில் நிற்கிற வீடுகளுக்கு மட்டும் திரும்பப் போய் அந்த ஒரு கேள்வியைக் கேட்கலாம் என்று சம்மதித்தார். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை எனக்குக் கேள்விப்படிவம் எழுதும் வேலை தரவில்லை. அதில் எனக்கு மனக்குறை இல்லை.

மேற்பார்வையாளரும் பெண்களும் திரும்பப் போனார்கள். எத்தனை கதை வந்தது தெரியுமா. ஒரு வீட்டில் பிள்ளைக்குப் பெயர் வைத்த விருந்து. ஒரு வீட்டில் லொறி பழுதாகி நின்றவர்களுக்கு இரண்டு நாள் சாப்பாடு. இன்னொரு வீட்டில், கேட்கப் போன எங்கள் பெண்களுக்கே முட்டை பொரித்துக் கொடுத்திருக்கிறார்கள். வறியவர் வீடு என்றுதான் போகிறோம், போய் அந்த வீட்டின் சட்டியைக் காலி செய்துவிட்டு, இவர்கள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்று எழுதிக்கொண்டு வருகிறோம். அந்த வீடுகளெல்லாம் சரிசெய்யப்பட்டுக் கோட்டுக்குக் கீழே வந்தன, பட்டியலில் சேர்ந்தன. நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

ஹவ்வாவின் வீட்டுக்குப் போன அன்று மேற்பார்வையாளர் கூப்பிட்டாள்.

"கேட்டனான் அன்ரி. அந்தக் கிழமை எத்தினை விருந்தாளிகள் சாப்பிட்டவை எண்டு. ஒருத்தரும் வரேல்லையாம்."

"என்ன? நாங்கள்?"

"அதையும் கேட்டனான். அன்ரியும் நாங்களும் வந்தமே எண்டு. அதுக்குச் சொல்லுறா, அவை என்ரை ஆக்கள், அவையை விருந்தாளி எண்டு நான் எழுத விடமாட்டன் எண்டு. மூண்டு தரம் கேட்டன். கடைசியிலை எனக்குத்தான் ஏச்சு விழுந்தது. சாப்பாடு குடுத்திட்டுச் சொல்லிக் காட்டிற வீடு எண்டே நினைச்சனீர் எண்டு."

வீட்டுக்காரர் வாயிலிருந்து வருவதை எழுது. எழுதிவிட்டாள்.

பட்டியலை ஊர்த் தலைவரின் வீட்டு மதிலில் ஒட்டினார்கள். ஹவ்வாவும் போய், யாரையோ வாசிக்கச் சொல்லிக் கேட்டாளாம். தன் பெயர் அதில் இல்லை. பெயர் வந்த பக்கத்து வீட்டுக்காரியைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாளாம். இதைக் கேட்டுவிட்டு ரோவிலில் என் குசினியில் நின்று அழுதேன். அடுப்பில் சோறு அடிப்பிடித்தது.

வேலையில் இருக்கும்வரை, நாங்கள் கேள்வி கேட்ட வீட்டுக்கு ஒன்றும் கொடுக்கக்கூடாது என்பது விதி. ஓய்வு பெற்ற அடுத்த நாளே மேற்பார்வையாளர் மூலம் கொஞ்சப் பணம் அனுப்பினேன். ஹவ்வா சும்மா இருப்பாளா. பெருக்க இலைப் பொடி ஒரு பை கட்டி எனக்குத் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறாள். பை வரவில்லை. தாவரப் பொருள், நாட்டுக்குள் விட முடியாது, அழித்துவிட்டோம் என்று ஒரு கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை நான் எறியவில்லை. அவளிடமிருந்து வந்தது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

ஊரை நினைத்து ஏக்கமா அன்ரி என்று இங்கே பிள்ளைகள் கேட்பார்கள். இந்த வயதில் ஏக்கமென்றால் ஊரைப் பற்றித்தான் என்று அவர்களுக்கு நினைப்பு. ஊரை நான் எப்போதோ விட்டுவிட்டேன். எனக்கு ஏக்கம் மூன்று மத்தியானம் மட்டும் நான் இருந்த ஒரு வேம்பின் நிழலுக்கு. என் வீட்டில் பத்துக் கதிரை இருக்கிறது. திகதி வைக்காமல் அதில் ஒருத்தர் வந்து இருந்து எத்தனையோ வருடம். கடையில் சுடச்சுடப் பொரித்த கோழியைப் பையில் போட்டுத் தருகிறார்கள், வாங்கிக்கொண்டு வந்து தனியே இருந்து சாப்பிடும்போது ஹவ்வா நாக்கைத் தட்டுகிற சத்தம் கேட்கிறது. எனக்கு அங்கே போக வேண்டும். போய் அந்தப் பாயில் இருக்க வேண்டும். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

இந்த வருடம் டிக்கெட் போட்டுவிட்டேன். மேற்பார்வையாளருக்கு அறிவித்தேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், குரல் இழுத்தது.

"எப்ப வாறியள்?"

திகதியைச் சொன்னேன்.

"அன்ரி, பட்டியலைப் புதுப்பிக்கப் போகினம். அந்தக் கிழமைதான் ஹவ்வான்ரை ஊர். அவ பேட்டுக் கோழி ஒண்டை வளர்த்துக்கொண்டு இருக்கிறா, உங்களுக்கு எண்டு. ஆரையும் தொட விடுறாவில்லை. நீங்கள் வாறியள் எண்டு காதிலை விழுந்தால் முதல் நாளே அறுத்துப்போடுவா."

விருந்தாளிக் கேள்வி இப்போது படிவத்தில் திரும்ப இருக்கிறது. ஆனால் அதற்கு அவள் என்ன பதில் சொல்வாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"அப்ப நான் என்ன செய்ய?"

"வராதேங்கோ. கேள்வி கேட்டு முடியுமட்டும் வராதேங்கோ. வாறன் எண்டும் சொல்லாதேங்கோ."

ஆசையோடு போட்ட டிக்கெட்டைத் தள்ளிப்போட்டேன். எப்போதென்று திகதி இல்லாமல். சூட்கேஸ் அறை மூலையில் கட்டினபடி இருந்தது. ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் குசினிக்குப் போனேன். என் வாழ்நாளில் ஒரு வீட்டுக்கு நான் செய்த ஆகப்பெரிய உபகாரம் அந்த வீட்டுக்குப் போகாமல் இருந்ததுதான் என்று நினைக்க, சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

தீபா, உன் புல்லுக்கூரை வீட்டுக்கு வருகிறேன். தூக்காதே. திருத்தவும் திருத்தாதே. அந்த ஊரில் உனக்குத் தெரிந்த மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, அந்த வீட்டில் யார் வந்து சாப்பிட்டார்கள் என்று கேள். படிவத்தில் அதைக் கேட்க இடமில்லையென்றால் உன் மேலதிகாரியோடு சண்டை பிடி. அவர் கத்துவார், கத்தட்டும். மதில் வைத்த வீட்டுக்காரர் இல்லை என்று எழுதியிருந்தால் அதையும் நம்பாதே, திரைச்சீலை அசைந்ததா என்று கேள். இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

இதை முடித்து அனுப்பலாம் என்று இருக்கும்போது, இன்று பின்னேரம், மேற்பார்வையாளரிடமிருந்து வட்சப்பில் குரல் செய்தி ஒன்று வந்தது. பின்னால் ஊர்ச் சத்தம், பிள்ளைகள் கத்துகிற சத்தம்.

"அன்ரி, இப்பதான் ஹவ்வான்ரை வீட்டிலை கேட்டு முடிச்சன். அரிசி இல்லையாம். கோழி இல்லையாம். விருந்தாளியும் ஒருத்தரும் வரேல்லையாம்."

அதோடு ஒரு படமும். என் சோக்கட்டி எழுத்து மங்கிப்போன அந்தக் கதவு. அதற்கு முன்னால், வேம்பின் நிழலில், கொழுத்த பேட்டுக் கோழி ஒன்று மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்கிறது. படத்துக்குக் கீழே இரண்டே சொல் எழுதியிருந்தாள்:

"இனி வாங்கோ."